மேட்டுக்காரர்கள்

“கொம்பு இருக்கா?” என்று கேட்டது மான்.

“இல்லை, அண்ணே” என்றது இரட்டைவால் குருவி.

“குளம்பு?”

“அதுவும் இல்லை. முள்ளம்பன்றி. ஒரு தாயும் ரெண்டு குட்டியும். மேற்குச் சரிவுல மூங்கில் காடு எரிஞ்சுதே, அங்கேயிருந்து ஓடி வந்திருக்காங்க. தாய்க்குப் பாதம் வெந்துபோச்சு, கிழங்கு தோண்ட முடியலை. மூணு நாளாப் பட்டினி!”

“கேக்கவே பாவமா இருக்கு” என்றது மான், மென்றுகொண்டே. “ஆனா இதை ஏன் எங்ககிட்டச் சொல்றே?”

குருவி பறந்தது.

அந்தக் காட்டில் யாரும் கஞ்சர்கள் இல்லை. மான் மானுக்கு வாரிக் கொடுக்கும். கொடுத்த கையோடு குளத்தங்கரை ஈர மண்ணில் குளம்பை அழுத்திப் பதித்துவிட்டுப் போகும். மயில் கொடுத்தால் ஓர் இறகைக் குத்தி வைக்கும். காட்டுப்பன்றி மரப்பட்டையில் பல்லால் ஒரு கீறல் போடும். எந்தக் கூட்டம் கொடுத்தது என்று காடே பார்க்க வேண்டும் அல்லவா!

“இறக்கை உள்ளவங்களா?” என்று கேட்டது மயில்.

“இல்லை. ஆனா முதுகு நிறைய முள். விரிச்சு நின்னா உங்க தோகை மாதிரியே இருக்கும்!”

“என் தோகையும் அந்த ஈர்க்குச்சிக் கட்டும் ஒண்ணா? முதல்ல இங்கேயிருந்து போ!”

குருவிக்கு நம்பிக்கை குறையவில்லை. நேரே காட்டுப்பன்றியிடம் போனது. “மாமா! இது உங்க ஆளுங்க. பேர்லயே பன்றி இருக்கு!”

“பேர் வெச்சவன்கிட்டப் போய்க் கேளு” என்றது காட்டுப்பன்றி. சேற்றில் புரண்டு முதுகைக் காட்டியது.

குருவிக்கு ஒரு வித்தை தெரியும். எந்தப் பிராணியின் குரலையும் அப்படியே எழுப்பும். முள்ளம்பன்றிகள் ஒண்டியிருந்த பொந்துக்குப் பக்கத்துப் புதரில் உட்கார்ந்து, தாயைப் பிரிந்த மான்குட்டி போல் கத்தியது.

மான்கள் நாலு கால் பாய்ச்சலில் வந்தன. வாய் நிறையத் தளிரும் இலந்தைப் பழமும். பொந்துக்குள் எட்டிப் பார்த்தன. முள்ளைக் கண்டதும் திகைத்து நின்றன.

“எங்க குரலைத் திருடினியா?” என்றது மான். “இனிமே எங்க குட்டியே கத்தினாலும் நாங்க யோசிச்சுத்தான் வரணும்!”

கொண்டு வந்ததை ஒன்றுவிடாமல் கவ்விக்கொண்டு திரும்பின. சின்ன முள்ளம்பன்றிக் குட்டி அந்தப் பழக்கொத்தின் பின்னாலேயே நாலடி நடந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

“உனக்கு நாங்க என்ன சொந்தம்? ஏன் இப்படி அலையறே?” என்று கேட்டது தாய்.

“பார்த்துட்டேனே, அக்கா” என்றது குருவி.

அன்று அதற்குக் கோபம் வரவில்லை. ஒரு விஷயம் பிடிபட்டது. இவர்களுக்குக் கொடுக்கத் தெரியாமல் இல்லை. கொடுக்கும்போது தாங்கள் யார் என்பதை மறப்பதில்லை, அவ்வளவுதான். அப்படியானால் இரங்கச் சொல்லிப் பயனில்லை. யார் என்பதைத்தான் நினைவுபடுத்த வேண்டும்.

மறுநாள் காலை எல்லாரும் தண்ணீர் குடிக்க வந்தபோது குருவி கரைப் பாறையில் உட்கார்ந்து சொந்தக் குரலில் கேட்டது: “போன ஐப்பசி வெள்ளத்துல, அதோ அந்த மேட்டுல முதல்ல ஏறினது யாரு?”

“நாங்கதான்!” என்றது மான்.

“பொய்! நீங்க வரும்போது எங்க ஆளுங்க ஈரம் உலர்த்திட்டிருந்தாங்க” என்றது மயில்.

“ரெண்டு பேருக்கும் வழி போட்டதே நான்தான்யா!” என்றது காட்டுப்பன்றி.

“மூணு நாள் மேலேயே இருந்தீங்களே, என்ன சாப்பிட்டீங்க?”

“இவர் தோண்டின கிழங்கைத்தான்” என்று காட்டுப்பன்றியைக் காட்டியது மான். “மயில் மேல் கிளையிலேயிருந்து அத்திப்பழம் தட்டிவிட்டது.”

“அப்போ கொம்பு இருக்கா, இறக்கை இருக்கான்னு யாராவது கேட்டாங்களா?”

“யாரு கேட்டா? எல்லாரும் நனைஞ்சு ஒரே நிறமா நின்னோம்!” என்று சிரித்தது காட்டுப்பன்றி. “அப்புறம் கொஞ்ச நாள் நம்ம பேரே மேட்டுக்காரங்கதானே!”

“மேட்டுக்காரங்க!” என்று மயில் கழுத்தை நிமிர்த்தியது. அந்தப் பெயரில் அதற்கு இன்னும் பெருமைதான்.

“அந்த மேட்டுப் பொந்துலதான் இப்போ மூணு பேர் ஒண்டியிருக்காங்க” என்றது குருவி. “உங்களைத் தண்ணி ஏத்திவிட்டது. அவங்களை நெருப்பு.”

காட்டுப்பன்றி தண்ணீரிலிருந்து முகத்தைத் தூக்கியது.

“அந்தப் பொந்தா?” என்றது காட்டுப்பன்றி. “என் கடைக்குட்டி பிறந்த இடமாச்சே அது!”

அது முன்னால் நடந்தது. உச்சி வெயிலுக்குள் பொந்து வாசலில் கிழங்கும் பழமும் குவிந்தன. மான் தானம் செய்த அடையாளத்துக்குக் குளம்பைத் தூக்கியது. வாசல் மண்ணில் ஏற்கெனவே எல்லார் காலடியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. எங்கே பதிப்பது? காலைச் சும்மா கீழே வைத்துவிட்டது.

பத்து நாளில் தாயின் பாதம் ஆறியது. பதினோராம் நாள் அது தானே தோண்டிய முதல் கிழங்கோடு குளத்தங்கரைக்கு வந்தது. அங்கே மேட்டில் முதலில் ஏறியது யார் என்ற சண்டை இன்னும் முடியவில்லை. கூட்டத்துக்கு வெளியே, வற்றிப்போன ஏதோ ஓடையிலிருந்து வந்த ஓர் ஆமை, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.

“நான்தான்!” என்றது மான். “நான்தான்!” என்றது மயில்.

முள்ளம்பன்றி கிழங்கை இரண்டாகக் கடித்து, ஒரு பாதியை ஆமையின் பக்கம் உருட்டிவிட்டது.

நம்மவர் என்று நாம் போடுகிற வட்டம் எவ்வளவு அகலமோ, நம் ஈகையும் அவ்வளவு தூரம்தான் போகும்.