மூணு படிச் சோறு தின்ன ஓட்டக்காரன்

மலைக்கு இந்தப் பக்கம், ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு இருந்துச்சாம். அங்க சன்னாசி சன்னாசின்னு ஒரு ஓட்டக்காரன். ராசா எழுதுற ஓலையை எடுத்துக்கிட்டு விடிய ஓடுனான்னா, பொழுது சாயறதுக்குள்ள மூணு ஊருக்குப் போயி மூணு பதிலோட வந்துருவான். அவனுக்கு ஓட்டக்காரன்ங்கிற பட்டமும் குடியிருக்க வீடும் ராசா குடுத்தது, அரண்மனையிலேருந்து தினம் சோறும் வரும். ராசா வீட்டுச் சோத்த மிச்சம் வச்சா ராசாவையே அவமதிச்ச மாதிரி, அது அந்த ஊரு வழக்கம்.

அப்புறம் என்னாச்சு, ராசா குதிரை வாங்கிட்டாரு. சன்னாசிக்கு ஓட்டம் நின்னுச்சு, சோறு நிக்கல. சமையக்கட்டு மணியக்காரன் வேற, ஒரு படிச் சோத்துக்கு மூணு படி, ஒரு கிண்ணம் நெய்க்கு மூணு கிண்ணம், ஒரு சீப்புப் பழத்துக்கு மூணு சீப்புன்னு அனுப்புனான். ராசாவுக்கு உம்ம மேல அம்புட்டுப் பிரியம்னு சொல்லி அனுப்புனான். நம்ம ஆளும் நம்பி வழிச்சு வழிச்சுத் தின்னான். மொதல்ல கன்னம் வந்துச்சு, அப்புறம் தொப்பை வந்துச்சு, அப்புறம் வாசல்ல ஒருக்களிச்சுத்தான் நுழைய முடிஞ்சுச்சு. சிரிக்காதீங்கடா, பாவம், வெக்கத்துல அவன் தெருப்பக்கமே வரல.

அவன் பொண்டாட்டி ஒச்சாயிக்கு அவன்னா உசுரு. "முன்னைக்கு இப்ப கொஞ்சம் கூடுதலா கெடைச்சிருக்கீங்க, அம்புட்டுத்தான்"னு சொல்லுவா.

மணியக்காரன் நேரா ராசாகிட்ட போனான். ஓட்டக்காரன் உருண்டையாயிட்டான், என் மருமகனோட ஓட விடுங்க, தோத்தா பட்டத்தையும் வீட்டையும் மருமகனுக்குக் குடுங்கன்னான். ராசாவும் சரின்னுட்டாரு. சன்னாசி குந்தி அழுதான். ஒச்சாயி அழல, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு அரண்மனைக்கு நடந்தா.

"மகராசா, எங்க வீட்டுக்காரரு தின்னது பூராம் உங்க சோறு. அந்தத் தம்பியும் ஒரு மாசம் அதையே தின்னுட்டு ஓடட்டும்."

"ஒரு படிச் சோறுதானே, தின்னட்டும்."

"ஒரு படியா? மூணு படி மகராசா."

ராசா திரும்பி மணியக்காரனைப் பாத்தாரு. அவன் தலையைத் தொங்கப்போட்டான். அப்ப ராசா சொன்னாரு, ஒரு மாசம் மருமகனுக்கு மூணு படி, சன்னாசிக்கு ஒரு படி, அப்புறம் ஓடுங்கன்னு.

அந்த ஒரு மாசமும் ஒச்சாயி புருசனை விடியக்காலம் எழுப்பி, கூடவே மூச்சு வாங்க ஓடுனா. மருமகனோ தின்னான், தூங்குனான், தின்னான்.

பந்தய நாளு வந்துச்சு. மருமகன் மொத மரத்தடியிலேயே உக்காந்துட்டான். சன்னாசிக்கும் தொப்பை குலுங்குச்சு. ஒருக்கா நின்னான், ஒருக்கா தண்ணி குடிச்சான், ஒருக்கா வேப்பமரத்துல சாஞ்சான், ஆனா போய்ச் சேந்துட்டான்.

மணியக்காரனுக்கு என்ன தண்டனை தெரியுமா? வருசம் பூராம் தினம் மூணு படி, பொழுது சாயறதுக்குள்ள, ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது.

சன்னாசிக்குத் தொப்பை முழுசாப் போகவேயில்ல. போகாட்டி என்ன, விடியக்காலம் ரெண்டு பேரும் சேந்து ஓடுனாங்க. ஓடுன நாளு நல்லாத் தின்னுங்க, ஓடாத நாளு கொஞ்சமாத் தின்னுங்க. கதை படுத்துருச்சு, நீங்களும் படுங்க.