கறுப்புக்கு இடமில்லாத பொன்மனை

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். காலையில் அவருக்கு ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும். ஒருமுறை அவருக்குப் பொன்மனை கட்டும் ஆசை வந்தது. வணிகர்கள் தங்கள் பொன்னை அங்கே பாதுகாப்பாகக் கொடுத்து வைக்கலாம். அதற்கு முத்திரையிட்ட ஓலை ஒன்று தருவார்கள். வேண்டும்போது ஓலையைக் காட்டிப் பொன்னைத் திரும்பப் பெறலாம். பொன்மனை எழுந்தது, பொன்னும் வந்து குவிந்தது. அரசருக்கு அது போதவில்லை.

"நம் பொன்மனைக்கு வரும் செல்வர்களைச் சம்பந்தி வீட்டாரைப்போல் வரவேற்க வேண்டும். பட்டு விரிப்பு, பன்னீர், இளநீர் எல்லாம் இருக்கட்டும். தாம் யார் என்று அவர்கள் வாய்திறந்து சொல்லும்படி விடக்கூடாது. பார்த்தவுடனே நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்" என்றார்.

பார்த்தவுடன் ஒருவருடைய செல்வத்தை எப்படி அறிவது? பொன்மனை அதிகாரி விசயதரர் மூன்று நாள் யோசித்தார். அவர் நல்ல சிவப்பு. செல்வமுள்ள அவருடைய சுற்றமும் அப்படியே. நான்காம் நாள் செப்பேடு ஒன்றில் எழுதி வாசலில் மாட்டினார்: 'கருநிறமுள்ள எதுவும் பொன்னின் அருகே வரலாகாது.' அரசருக்கு அதன் சுருக்கம் பிடித்துப்போனது. முத்திரை வைத்துவிட்டார்.

அந்த வாசலுக்குத்தான் அரியநாச்சி வந்து சேர்ந்தாள்.

கடலில் மூன்று நாள் தூரத்தில் இருந்த உப்புத்தீவு அவள் ஊர். தீவு மக்கள் எல்லோரும் நல்ல கறுப்பு, சுருண்ட முடி. அவளுக்கு நாற்பது படகுகள். உப்பை ஏற்றிப் போய் அரிசியோடு திரும்பும் படகுகள். ஒன்பது ஆண்டுகளாகத் தலைநகரத்திலிருந்து வந்து சேர்ந்த, சிவந்த நிறமுள்ள தன் படகுத் தலைவன் கையில் பொன்னைக் கொடுத்து இந்தப் பொன்மனைக்கு அனுப்பி வந்தாள். ஆண்டுதோறும் விசயதரரே கைப்பட ஒரு மடல் எழுதுவார். 'பெருமதிப்புக்குரிய அரியநாச்சி அம்மையாருக்கு' என்று அது தொடங்கும். கூடவே சந்தனக்கட்டையும் பட்டும் வரும். அந்த மடல்களை அவள் தனியாக இருக்கும்போது எடுத்துப் படிப்பதுண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசிப் புயலில் இருபத்தாறு படகுகள் நொறுங்கின, படகுத் தலைவனுக்குக் காலும் ஒடிந்தது. புதுப் படகு கட்ட மரம் வேண்டும். தலைநகரத் துறைமுகத்தில் ஒரு மரக்கப்பல் நின்றது. நாளை மாலைக்குள் பொன்னைக் கையில் கொடுத்தால் மரம் அவளுக்கு. தவறினால் அடுத்த ஆண்டுதான். அதுவரை தீவின் அறுபது வீடுகளுக்கு அரிசி எங்கிருந்து வரும்?

வாசற்காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "கூலிக்காரங்க பின்பக்கமா போகணும்."

"நான் கூலிக்கு வரலைய்யா. என் பொன்னை எடுக்க வந்திருக்கேன். இந்தா ஓலை."

ஓலை உள்ளே போனது. சிறிது நேரத்தில் விசயதரரே வெளியே வந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இதை யார் வீட்டில் எடுத்தாய்?"

"என் வீட்டுல. அதுல என் பேருதான் இருக்கு."

"அரியநாச்சி அம்மையார் எப்படிப்பட்டவர் என்று எமக்குத் தெரியும்."

"பாத்திருக்கீங்களா?"

"பார்க்க வேண்டிய தேவையில்லை. உண்மையான அம்மையார் வந்து கேட்கும்வரை ஓலை எம்மிடம் இருக்கும்." கதவு சாத்தப்பட்டது.

எதிர்ப்புறம் மதில் ஓரமாக அரியநாச்சி தரையில் உட்கார்ந்தாள். பட்டு உடுத்தி வந்திருக்கலாமோ என்று நினைத்தாள். காதுக்கு முத்துத் தோடு போட்டிருக்கலாமோ? போட்டிருந்தால் தோட்டையும் திருடியது என்றிருப்பார்கள். ஆனாலும் மனம் மறுபடி மறுபடி அங்கேயே போயிற்று. தன் மேல் என்ன குறை என்று தானே தேடிக்கொண்டிருப்பதை ஒரு கணம் கண்டுகொண்டாள். விசயதரர் மேல் வந்த கோபத்தைவிட அது அதிகமாகச் சுட்டது.

அப்போது அவள் அருகே ஒருவர் வந்து அமர்ந்தார். ஒல்லியான மனிதர், வெற்றிலைச் சிவப்பேறிய வாய். அரசவை விகடர் சாத்தையன். மாதச் சம்பளம் வாங்க வந்தவர்.

"என்ன ஆச்சு தாயி?"

அவள் சொன்னாள். சொல்லும்போதே அடுத்து என்ன கேட்பார் என்று மனம் தயாராகிக்கொண்டிருந்தது. பொன் உன்னுடையதுதானா? உனக்கேது இவ்வளவு? யாராவது சாட்சி உண்டா? ஒவ்வொன்றுக்கும் பதிலைக் கோத்து வைத்திருந்தாள்.

சாத்தையன் கேட்டது வேறு. "கப்பல் எப்போ கிளம்புது?"

"நாளைக்குச் சாயங்காலம்" என்றாள் அரியநாச்சி. காலையிலிருந்து நெஞ்சில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அந்த இடத்தில் தளர்ந்தது. பொன் கிடைக்காமலே போனாலும் இந்த ஒரு கேள்வியை மறக்க மாட்டோம் என்று தோன்றியது.

அன்று மாலை அரியநாச்சிக்கு நேர்ந்ததைச் சொல்லிச் சாத்தையன் அவையில் முறையிட்டார். விசயதரர் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். ஒரு கோமாளி அரசருக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பது அவருக்கு நெடுநாளாகக் கண்ணை உறுத்தியது.

"அரசே, விகடர் பழிப்பது தங்கள் முத்திரையிட்ட சட்டத்தை. நாளை ஒருநாள் அவரே பொன்மனை வாசலில் நின்று அதைக் காக்கட்டும். கருநிறமுள்ள ஒன்றேனும் பொன்னருகே சென்றால் அவர் நாடுகடத்தப்பட வேண்டும்."

அரசருக்கு வேடிக்கை பிடித்தது. "சாத்தையரே, சம்மதமா?"

"எழுத்துக்கு எழுத்து காப்பேன் அரசே."

அன்றிரவே செய்தி அரியநாச்சியை எட்டியது. இவரும் அந்தப் பக்கம்தானா? நன்றி சொல்ல அவசரப்பட்டுவிட்டோமோ? ஆனாலும் விடிந்ததும் மதில் ஓரம் வந்து நின்றாள். வேறு எங்கே போவாள்?

சாத்தையன் செப்பேட்டை உரக்க ஒருமுறை படித்தார். பிறகு இரண்டு காவலர்களோடு உள்ளே போனார். முதலில் பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல் வெளியே வந்தது.

உள்ளிருந்து விசயதரரின் குரல் கேட்டது. "அது ஏன்?"

"கறுப்பாக இருக்கிறது, பொன்னை வேறு தொடுகிறது."

அடுத்து மைக்கிண்ணங்கள் வந்தன. ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டில் கரிமை தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். மையில்லாமல் எழுதிய புது ஓலைகள் வெற்றோலைகளாகவே இருந்தன. பிறகு இரும்புப் பூட்டுகள், சாவிக்கொத்துகள், கதவின் தாழ்ப்பாள்கள் எல்லாம் தெருவுக்கு வந்து சேர்ந்தன.

விசயதரரின் சிற்றப்பா ஒரு மூட்டைப் பொன்னோடு வந்தார். பட்டு விரித்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். பொன்னை மாற்றுப் பார்க்க வழியில்லை, உரைகல் தெருவில் கிடந்தது. கொடுத்த ஓலையிலோ ஒன்றும் தெரியவில்லை.

"என்னடா விசயா, வெறும் ஓலைய நீட்டுற? என்னையே ஏமாத்துறியா?"

"சித்தப்பா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"பெட்டிக்குப் பூட்டு எங்கடா?"

அந்தக் கேள்வி தெரு முழுக்கக் கேட்டது. பொன்மனையில் பூட்டில்லை என்ற சேதி நகரெங்கும் பரவியது. நண்பகலுக்குள் நகரத்துச் செல்வர் எல்லோரும் தங்கள் பொன்னைத் திரும்பக் கேட்டு வாசலில் முட்டிமோதினார்கள். மதில் ஓரம் நின்ற அரியநாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புயலுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது அன்றுதான்.

கூச்சல் கேட்டு அரசரே பல்லக்கில் வந்து இறங்கினார். சாத்தையன் பணிந்து வணங்கினார். ஆனால் வழிவிடவில்லை.

"அரசே, தாங்கள் உள்ளே எழுந்தருளலாம். தங்கள் மீசை மட்டும் வெளியே நிற்க வேண்டும்."

அரசர் முறுக்கிவிட்ட மீசையைத் தொட்டுப் பார்த்தார். அது மையிட்டதுபோல் கறுகறுவென்று இருந்தது.

"தாங்கள் முத்திரையிட்ட சட்டம் அரசே. அதிகாரியின் கண்மணிகளையும் கழற்றி வைக்கச் சொன்னேன். அவர் இன்னும் இணங்கவில்லை."

முதலில் அரசரின் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு பல்லக்குக் காலைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் செல்வர்களும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் சாத்தையன் அரியநாச்சியை முன்னே அழைத்து வந்தார். அரசர் விசயதரர் பக்கம் திரும்பினார்.

"ஓலை கொண்டுவருவோருக்குப் பொன் தர வேண்டும் என்பது நமது ஆணை. உம் சிற்றப்பனார் ஓலை கொண்டுவந்தால் வேறென்ன கேட்பீர்?"

"எதுவும் கேட்பதில்லை அரசே."

"இந்த அம்மையாரிடம் மட்டும் ஏன் கேட்டீர்?"

விசயதரரின் கண் வாசலில் மாட்டிய செப்பேட்டுக்குப் போனது. அரசரும் அதைப் பார்த்தார். அதில் இருந்தது அவர் வைத்த முத்திரை அல்லவா.

"அம்மையே, பிழை நம்முடையதும்தான். உள்ளே வந்து அமருங்கள், இளநீர் அருந்துங்கள்."

"உக்கார நேரமில்ல மகாராசா. கப்பல் சாயங்காலம் கிளம்பிரும்."

அரசர் செப்பேட்டை உருக்கச் சொன்னார். அரியநாச்சியின் பொன்னை விசயதரரே தலையில் சுமந்து துறைமுகம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றார். ஓராண்டுக் காலம் வாசலில் நின்று, வருகிறவர் யாராயினும் அவரே இளநீர் சீவித் தர வேண்டும் என்றும் கட்டளையிட்டார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையன் கழுத்தில் போட்டார்.

புறப்படும் முன் அரியநாச்சி சாத்தையனிடம் வந்தாள்.

"பொன்னுக்கு நன்றி சொல்ல மாட்டேன்யா. அது என்னுது."

"உங்களுதுதான் தாயி. அதுக்கு எதுக்கு நன்றி?"

அவள் கைகூப்பிவிட்டு நடந்தாள். வழியெல்லாம் விசயதரருக்கு மூச்சு வாங்கியது. அவளுடைய மனம் மட்டும் நிறைந்து ததும்பியது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதற்கு யாருக்கும் கடன்படவில்லை. அதனால்தான், யாரும் கேளாமல் ஒருவர் தந்த நம்பிக்கைக்கு இவ்வளவு தாராளமாக நன்றியோடு இருக்க முடிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த தை மாதம் புதுப்படகுகள் இருபத்தாறும் தலைநகரத் துறைக்கு வந்தன. முதல் படகில் அரியநாச்சி இருந்தாள். பத்து மூட்டை உப்பைச் சாத்தையன் வீட்டு முற்றத்தில் இறக்கச் சொன்னாள். ஓர் ஆயுளுக்குப் போதுமான உப்பு அது. செய்தி அறிந்த அரசர் அவளை அவைக்கு அழைத்தார். இம்முறை நடந்து வந்தவளுக்கு எந்த ஈட்டியும் குறுக்கே வரவில்லை.

"விகடருக்குப் பத்து மூட்டையாம். நமக்கு இல்லையா?"

"இருக்கு மகாராசா. வேண்டியமட்டும் இருக்கு. உங்களுக்கு விலைக்கு."

அரசர் அரியணையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவள் சொன்ன விலைக்கே நூறு மூட்டை வாங்கினார். இப்படியொரு வணிகரை அழைத்து வந்ததற்காகச் சாத்தையனுக்கு இன்னொரு பரிசும் தந்தார்.