ஷூ போட்ட ஏழை

ஆடிட்டருக்குப் படிக்கும் ஏழைகளுக்கு உதவித்தொகை தரும் அறக்கட்டளையின் தலைவர் தணிகாசலம். யாரையும் லேசில் நம்பமாட்டார். நேர்காணலுக்கு வந்த இருதயராஜின் காலையே உற்றுப் பார்த்தார்.

"ஏழைங்கிறே. ஷூ பளபளன்னு இருக்கே?"

"ஷூ இல்லாம வந்தா உள்ளே விடமாட்டோம்னு நீங்கதானே ஐயா நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க. இது இரவல். என்னைச் சீக்கிரம் அனுப்பினா, அடுத்தவனும் இதைத்தான் போட்டுக்கிட்டு வருவான்."

"கதை விடறியா? அப்படியே உட்காரு" என்ற தலைவர், அடுத்தவனை உடனே கூப்பிடச் சொன்னார்.

மாசிலாமணி வெறுங்காலோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். அப்போதும் தலைவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

"இரவல் கொடுத்தது யாரு?"

"உங்க வாட்ச்மேன்தான் ஐயா" என்றான் இருதயராஜ்.

தலைவர் ஜன்னல் வழியாக வாசலை எட்டிப் பார்த்தார். அங்கே வாட்ச்மேன் வெறுங்காலோடு நின்றிருந்தார். பிறகு இருவர் விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டார்.