ஏறுமுகம் பார்க்கும் ஃபண்ட்

மதுரையில் ஒரு பங்குத் தரகு ஆபீஸ். மேனேஜர் திரவியத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலாளி எதிரிலேயே முழங்கினார்: "நாம விக்கிற இந்த இ.டி.எஃப். ஃபண்ட் பெரிய பேரைப் பார்க்காது. சின்னக் கம்பெனிகள்ல எது ஏறுமுகமோ அதை வாங்கும். இறங்குறதை ஆறு மாசத்துக்கு ஒருதடவை கழற்றிவிட்டுடும்!"

அப்படியே புது ஊழியர் காந்திமதி பக்கம் திரும்பினார். "எனக்கு நானூறு வாடிக்கையாளர், உனக்குப் பன்னிரண்டா? நாளைக்குள்ள நானூறு ஆக்கு. இல்லேன்னா கிளம்பு!"

காந்திமதி எழுந்தாள். "ஆறு மாசம் முன்னாடி எனக்கு மூணு பேர் சார். உங்களுக்கு அறுநூறு. அந்த ஃபண்டை நம்ம ஆபீசுக்குள்ள விட்டா யாரை வாங்கும், யாரைக் கழற்றிவிடும்?"

திரவியம் கர்ச்சீப்பைத் தேடினார். முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அதிருக்கட்டும் திரவியம், கழற்றிவிடுற நாள் என்னைக்கு?"

"இ... இன்னைக்குத்தான் சார்."