ஓலை மூடிய ஊற்று

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேட்கலாம். அரண்மனை யானைக்குக்கூடப் பட்டப்பெயர் இருந்த காலத்தில் சேந்தவர்மன் என்றொரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஆனால் கொடியாற்றை அவன் பார்த்ததெல்லாம் வெள்ளம் வரும் ஐப்பசியில், அதுவும் மாடத்தில் நின்றுகொண்டு.

ஒரு சித்திரையில் இரண்டு உத்தரவு போட்டான். ‘வறண்ட ஆற்று மணல் சும்மாதானே கிடக்கிறது, அடுத்த மாதம் முதல் நூறு யானைகளையும் அங்கே கட்டுங்கள்’ என்பது ஒன்று. ‘கோடைக்கால ஆற்றை அமைதியாக வரைந்து தருபவருக்குக் கேட்ட வரம்’ என்பது மற்றொன்று.

கரையோர ஊரில் ஆவுடை என்ற ஓவியக்காரி இருந்தாள். முதல் உத்தரவைக் கேட்டதும் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். கோடையில் அவள் ஊரே குடிப்பது மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரைத்தான். தண்ணீர் எடுத்தவர் பனையோலையால் ஊற்றை மூடிவிட்டுத்தான் குடத்தைத் தூக்க வேண்டும். அது ஊர் வழக்கம். நூறு யானைகள் மிதித்தால் ஊற்று என்ன ஆகும்? இரண்டாம் உத்தரவைக் கேட்டதும் தூரிகையை எடுத்துவிட்டாள்.

மூன்று நாள் ஆற்றிலேயே உட்கார்ந்து வரைந்தாள். வெளுத்த மணல், ஒரு கோரைத் திட்டு, அதன் நிழலில் ஓலை மூடிய ஊற்று, ஊற்றோரத்து ஈரத்தில் வயிற்றை அழுத்திக்கொண்டு தூங்கும் ஒரு செவலை நாய்.

வரைந்து முடித்ததும் நீலச் சாயக் கிண்ணம் அவளைப் பார்த்துச் சிரித்தது. தண்ணீர் போல அகலமாக ஒரு கோடு இழுத்தால் வரம் கைக்கு வந்துவிடும். ஆனால் நீலத்தைப் பார்க்கிற ராஜா ஓலையைப் பார்க்க மாட்டானே! கிண்ணத்தை மூடி வைத்தாள்.

சபைக்கு மூன்று படங்கள் வந்தன. முதல் படத்தில் தாமரைத் துறை. இரண்டாவதில் நீந்தும் அன்னங்கள். மூன்றாவதைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்னம்மா இது? ஆறு கேட்டால் நாயை வரைந்திருக்கிறாய். தண்ணீர் எங்கே?”

“படத்தை எடுத்துக்கிட்டு ஆத்துக்கே வாங்க மகாராஜா. எந்தப் படத்தைப் பார்த்து உங்க தாகம் தீருதோ, அதுக்கு வரம் கொடுங்க.”

உச்சி வெயிலில் ராஜா புறப்பட்டான், ஆவுடையும் கூடவே போனாள். தாமரைத் துறையைத் தேடிப் போனான், உள்ளங்கால் வெந்தது. அன்னங்களைத் தேடிப் போனான். ஒரு காக்கைகூட இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள மூன்றாவது படத்தைப் பிரித்தான். அதோ கோரைத் திட்டு! அதோ செவலை நாய்! அது ஒரு கண்ணைத் திறந்து ராஜாவைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

ராஜா ஓலையைத் தூக்கினான். உள்ளே தெளிந்த தண்ணீர். ஒரு கை குடித்தான், இரண்டு கை குடித்தான், மூன்றாவது கைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான்.

“என்ன வரம் வேண்டும், கேள்!”

“யானைங்களை வேற இடத்துல கட்டச் சொல்லுங்க மகாராஜா. எங்க ஊர் உயிரே இந்த ஊத்துலதான் இருக்கு.”

ராஜாவின் சிரிப்பு நின்றது. இவ்வளவு நாள் சும்மா கிடக்கும் மணல் என்று நினைத்தோமே என்று வெட்கப்பட்டான். யானைகளை அன்றைக்கே அரண்மனை ஏரிக்கரைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு நடந்தான். பத்தடி போனவன் நின்றான். திரும்பி வந்து குனிந்து, ஓலையை எடுத்துத் தன் கையாலேயே ஊற்றை மூடினான். ஆவுடைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகையால், கண்ணுக்கு அழகாகப் பொய் சொல்வதைவிட உள்ளதை உள்ளபடி காட்டுவதே ஊரைக் காப்பாற்றும்.