எண்ணெய் வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் அடுப்பு, உரல், எண்ணெய் என்று சமையற்கட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. அதிலும் எண்ணெய்க்குத் தொண்டை பெரிது. சட்டியில் காய்ந்ததும், "காஞ்சுட்டேன், புள்ளைங்கள எட்டப் போகச் சொல்லுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தும். அந்தக் குரல் யார் காதில் விழுந்தாலும் அவர்களுக்குப் பலகாரத்தில் பங்கு உண்டு. அதனால் நல்ல நாள் பெரிய நாள் வந்தால்தான் யாரும் எண்ணெய்ச் சட்டி வைப்பார்கள்.

அப்போது மாராத்தா என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகள் வஞ்சி, சின்னப் பிள்ளை. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஊரே பட்டினி கிடந்தது. மாராத்தா வீட்டில் மட்டும் ஒரு கலயம் எண்ணெயும் கொஞ்சம் அரிசி மாவும் வெல்லமும் மிச்சம் இருந்தன. வஞ்சி கச்சாயம் வேண்டும் என்று அழுதாள். அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து எண்ணெயில் சுடுகிற பலகாரம் அது. வயிறு ஒட்டிப்போன பிள்ளை கேட்டால் எந்தத் தாயால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? அதுவரை அவள்மேல் தப்பே இல்லை.

சட்டியில் எண்ணெயை ஊற்றிவிட்டு, "இன்னிக்கு நீ சத்தம் போடக் கூடாது" என்றாள்.

"போடாட்டி நான் காஞ்சது எப்படித் தெரியும் ஆத்தா? தண்ணியாட்டக் கொதிச்சுக் காட்ட எனக்குத் தெரியாதே" என்றது எண்ணெய்.

"நான் பாத்துக்கறேன். நீ கத்துனா பக்கத்து ஊட்டுக் குப்பாயி அவ புள்ளைங்க அத்தன உருப்படியையும் கூட்டிக்கிட்டு வந்து நிப்பா. எம்புள்ளைக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"வாசனை போகுமே?"

"அது எந்த ஊடுன்னு சொல்லாது. இனி வாயே தொறக்க மாட்டேன்னு எம்புள்ள தலைமேல சத்தியம் பண்ணு."

வஞ்சி பிறந்ததிலிருந்து அவள் உச்சந்தலையில் தேய்த்த எண்ணெய் அது. அந்தத் தலைமேல் சத்தியம் செய்ய அதற்கு மனமே இல்லை. மாராத்தா விடவில்லை. வேறு வழியில்லாமல் செய்தது.

அடுப்பு எரிந்தது. எண்ணெய் காய்ந்தும் சொல்லாமல், கிணற்றுத் தண்ணீர் போல அசையாமல் நின்றது. அந்த நேரம் பார்த்துக் குப்பாயி வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, அடுப்புப் பத்த வைக்கக் கொஞ்சம் நெருப்புக் குடு."

மாராத்தா ஓடிப்போய்க் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். "எங்கூட்டுல இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கல" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் புகை வந்துகொண்டிருந்தது. குப்பாயி அதைப் பார்த்தாள். போகாமல் அங்கேயே நின்றாள்.

உள்ளே வஞ்சி சட்டிப் பக்கம் வந்தாள். எண்ணெய் கத்தினால் எட்டப் போக வேண்டும், கத்தாவிட்டால் பயமில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சட்டிக்குள் அவள் முகம் தெரிந்தது. சிரித்தாள், அதுவும் சிரித்தது. தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டுச் சட்டியின் விளிம்பைப் பிடித்தாள்.

எண்ணெய் தவித்தது. கத்தினால் சத்தியம் பொய்யாகி இந்தத் தலையைத்தான் வாங்கும். கத்தாவிட்டாலும் இந்தத் தலைதான். அது யோசித்து முடிப்பதற்குள் சட்டி கவிழ்ந்தது.

அலறல் கேட்டு மாராத்தா வாசலிலேயே உறைந்துவிட்டாள். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிப் பிள்ளையை வாரி எடுத்தவள் குப்பாயிதான். பொழுது சாயும்போது அவள் மடியிலேயே வஞ்சியின் உயிர் போனது.

தரையில் சிந்திக் கிடந்த எண்ணெயை மாராத்தா கையால் அடித்து அடித்துக் கேட்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? எம்புள்ளைய விட உனக்குச் சத்தியம் பெருசாப் போச்சா?"

எண்ணெய் பதில் சொல்லவில்லை. பிசைந்து வைத்த மாவு அப்படியே கிடந்து புளித்தது. அந்த வீட்டில் அப்புறம் எண்ணெய்ச் சட்டி ஏறவே இல்லை.

காய்ந்த எண்ணெய் இன்றும் வாய் திறப்பதில்லை. மாவைக் கிள்ளிப் போட்டுத்தான், காய்ந்துவிட்டதா என்று அதைக் கேட்க வேண்டியிருக்கிறது. "எட்டப் போ, எட்டப் போ" என்று அது கத்த வேண்டியதை, அன்று முதல்தான் அம்மாக்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.