வாட மறுத்த உளுந்து

“மேடம், என் செடி சாக மாட்டேங்குது.”

பேராசிரியர் ஜெயசீலி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். செடி செத்துப்போச்சு என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அந்தத் தாவரவியல் துறையில் உண்டு. இப்படி ஒரு புகார் அவர் கேட்டதில்லை.

சொன்னவர் இருளப்பன். ஆய்வு மாணவர். மாணவர் என்பது பேருக்குத்தான், வழிகாட்டியைவிட இரண்டு வயது மூத்தவர். பார்த்த வேலையை விட்டுவிட்டு, மனைவியையும் மகளையும் சாத்தூரில் விட்டுவிட்டு, பல்கலைக்கழக ஹாஸ்டலில் வந்து கட்டில் போட்டவர்.

அவருடைய ஆய்வு உளுந்துச் செடியில். ஒரு வரிசைத் தொட்டிகளுக்குத் தினமும் தண்ணீர். அடுத்த வரிசைக்குச் சொட்டுக்கூடக் கிடையாது. அந்த வரிசைதான் இப்போது பச்சைப்பசேல் என்று நின்றது.

“வாங்க, பாத்துடலாம்” என்று ஜெயசீலி எழுந்தார்.

தொட்டிகள் இருந்த வலைக்கூடத்தின் பூட்டை இருளப்பனே திறந்தார். ஜெயசீலி குனிந்து, காய வேண்டிய தொட்டி ஒன்றில் விரலை விட்டார்.

“சாவி வேற யார்கிட்டயாவது இருக்கா?”

“என்கிட்ட மட்டும்தான் மேடம்.”

“மழை பெஞ்சுதா?”

“இல்லியே மேடம்.”

“அப்போ இந்த ஈரம்?”

இருளப்பன் கூரை வலையை அண்ணாந்து பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் பொய் சொல்லக் கிளம்பினால் பாதி வழியில் இப்படித்தான் நிற்க வேண்டும்.

“சாயங்காலம் ஆனா தலையைத் தொங்கப்போட்டுடுது மேடம். பாத்துட்டு சும்மா வர முடியல. ஒரு கை தண்ணி...”

“ஒரு கையா?”

“ரெண்டு மூணு கை.”

“போன தடவை கல்லு மாதிரி நின்னு காயவிட்டீங்களே. இப்போ என்ன ஆச்சு?”

இருளப்பன் தொட்டி விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார்.

பொங்கலுக்கு ஹாஸ்டலே காலியானபோதும் அவர் ஊருக்குப் போகவில்லை. செடியை யார் பார்ப்பது? “அண்ணன் உளுந்துக்கு வாக்கப்பட்டுட்டாரு” என்று சக ஆய்வாளர்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அறைக்கு வந்து, போனில் மகளின் படத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளக் கை துடித்தது. முடித்துவிட்டே போவோம், ஒரேயடியாகப் போவோம் என்று மனசைக் கட்டிப்போட்டார்.

“போன் பண்ணினா பாப்பா, எப்பப்பா வருவ, எப்பப்பா வருவன்னு கேட்டுக்கிட்டே இருப்பா மேடம். அழுவா. எனக்குத் தாங்காது.”

“ம்.”

“இப்பக் கேக்கறதே இல்ல. ரெண்டு வார்த்தை பேசிட்டு, ஹோம்வொர்க் இருக்குன்னு அம்மாகிட்ட போனைக் குடுத்துட்டுப் போயிடறா.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“அவளுக்குப் பழகிடுச்சுன்னு சொல்றாங்க.”



ஜெயசீலி மூலையில் இருந்த வாளியைத் தூக்கினார். காய வேண்டிய வரிசையில் முதல் தொட்டி தொடங்கிக் கடைசித் தொட்டி வரைக்கும் மடமடவென்று ஊற்றிக்கொண்டே போனார்.

“மேடம்! டேட்டா போச்சே!”

“அது உங்க ரெண்டு மூணு கையிலயே போச்சு. புதுசா விதைக்கணும். முளைச்சு ஆளாகற வரைக்கும் உங்களுக்கு இங்க வேலை இல்ல. தண்ணி ஊத்த நான் ஆள் போடறேன். சாத்தூருக்குப் பஸ் ஏறுங்க.”

இருளப்பன் பதறிவிட்டார்.

“வேண்டாம் மேடம். ஏற்கெனவே தாமதம். இங்கேயே இருந்து முடிச்சுக் குடுத்துட்டே போறேன். பாப்பா எங்க போயிடப் போறா? போய் நின்னா எல்லாம் சரியாயிடும்.”

ஜெயசீலி வாளியைக் கீழே வைத்தார்.

“வாடின செடி தண்ணி ஊத்தினா நிமிருமா?”

தெரிந்த பாடம். இருளப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“நிமிரும் மேடம். ஆனா ஒரு நாள் இருக்கு. அதுக்கு முன்னாடி ஊத்தினா நிமிரும். அதைத் தாண்டிட்டா எவ்வளவு ஊத்தினாலும் நிமிராது.”

“அது எந்த நாள்?”

“தெரியாதே மேடம். அதைக் கண்டுபிடிக்கத்தானே இந்த ஆய்வே.”

“இங்க கண்டுபிடிங்க” என்றார் ஜெயசீலி. “சாத்தூர்ல வேண்டாம்.”